உயிர்துறத்தல்: பழைய நூல்களும் புதிய கதைகளும்

பிள்ளைகள் இருவர் தந்தைக்கு எதிராகப் படைதிரட்டி நின்றபோது, கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தான். அவன் வரலாற்றைப் புறநானூற்றிற் படிப்போர் பிசிராந்தையாரின் நட்பை நினைவிற் கொள்வர். பொத்தியாரை மறந்துவிடுவர். பொத்தியாரும் அரசனோடு இருந்து உயிர்விட வந்தவரே. அவர் மனைவி கருவுற்றிருந்தாள். ‘மகன் பிறந்தபின் வருக’ என்று அரசன் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டான். தான் சாகத் துணிந்தவனும் பிறனொருவன் சாவை ஆராய்ந்து, இப்பொழுது ஆகாது என்று தடுத்திருக்கின்றான். பழந்தமிழர் சாவைப் போற்றினர் என்று பொதுவாகச் சொல்லுவோர் இந்த இடத்தைச் சிறிது நின்று பார்க்கவேண்டும்.

அகப்பாட்டிலும் இத்தகைய இடம் ஒன்று உண்டு. தலைவியைப் பெறாத தலைவன் பனைமடலாற் செய்த குதிரையில் ஊர்வேன் என்றும், வரையிலிருந்து பாய்வேன் என்றும் கூறுவான். பெரும்பாலும் அது கூற்றாகவே நின்றுவிடும். காரணம், அதைக் கேட்பதற்குத் தோழி என்று ஒருத்தி இருந்தாள். அவள் கேட்டு நடுங்குவாள். பின் வழி தேடுவாள். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் அச்சேற்றிய கலித்தொகையில் மடலேறியே விட்டவனையும் காண்கின்றோம். அங்கும் சுற்றத்தார் அஞ்சி மகளைக் கொடுத்தனர் என்றே ஒரு பாட்டு முடிகின்றது.

மணிமேகலையில் வரும் ஆதிரை இன்னும் ஒருபடி மேலே செல்கின்றாள். கடலிற் போன சாதுவன் இறந்தான் என்ற பொய்ச்செய்தி கேட்டு அவள் தீப்புகுந்தாள். தீ அவளைச் சுடவில்லை. கணவன் உயிரோடிருக்கின்றான் என்ற அசரீரி கேட்டு இல்லம் மீண்டாள். மணிபல்லவம் நயினாதீவே என்று கொள்ளும் யாழ்ப்பாணத்தார்க்கு இக்காப்பியம் அயலூர்க் கதையன்று. ஆயினும் கணவனோடு உடன்மாய்ந்த பெருங்கோப்பெண்டு பேசப்படும் அளவிற்கு, திரும்பி வந்த ஆதிரை மேடைகளிற் பேசப்படுவதில்லை.

மேனாட்டார் வருகையோடு வேறு இரண்டு நோக்குகள் குடாநாட்டிற் புகுந்தன. ஒன்று திருச்சபையினது. உயிர் கடவுள் தந்தது. அதை மாய்த்துக்கொள்ளல் பாவம் என்பது அதன் கொள்கை. மங்களநாயகம் தம்பையா 1914இல் வெளியிட்ட ‘நொறுங்குண்ட இருதயம்’ அந்தச் சூழலிற் பிறந்த நாவல். தலைப்பே சங்கீதப் புத்தகத்துச் சொல். கணவன் கொடுமையிற் கண்மணி வாடுகின்றாள். அவள் பொறுமையே அங்கு போற்றப்படுகின்றது. மற்றொன்று சட்டத்தினது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியது. பாவம் என்ற சொல்லாவது அழுவதற்கு இடங்கொடுத்தது. குற்றம் என்ற சொல்லோ வாயை அடைத்தது. பிழைத்தவனையும் நீதிமன்றம் காத்திருந்ததனால், வீட்டார் மறைத்தனர். தங்கைமாரின் கலியாணம் தடைப்படுமே என்ற அச்சம் அதற்குத் துணையாயிற்று.

கதைகள் மட்டும் மறைக்கவில்லை. காதல் கைகூடாதவர்கள் மாள்வதும், மாண்டபின் கொடுமைசெய்தோர் மனந்திரும்பி அழுவதும் தொடர்கதைகளிலும் திரைப்படங்களிலும் பழகிப்போயின. வடக்கிருந்த வேந்தனுக்குரிய பெருமை, மனமுடைந்த ஓர் இளம்பெண்ணின் சாவுக்கு அணிவிக்கப்பட்டது. இது தமிழர்க்கு மட்டும் நேர்ந்த மயக்கம் அன்று. செருமானியக் கவிஞர் கேதே 1774இல் எழுதிய வெர்தர் கதையை இளைஞர் பின்பற்றுவர் என்று அஞ்சி, லைப்சிக் நகரம் அடுத்த ஆண்டே அதனைத் தடைசெய்தது. யப்பானிற் சிக்கமத்சு என்பார் 1703இல், காதலர் இருவர் ஒருங்கே மாளும் சொனெசாக்கி நாடகத்தை அரங்கேற்றினார். அதுபோன்ற நாடகங்களும், அவற்றைப் பார்த்து நிகழ்ந்த சாவுகளும் பெருகவே, 1723இல் அரசு அத்தகைய நாடகங்களை விலக்கியது. தடை சரியா என்பது வேறு வழக்கு. எழுத்துக்கு அந்த ஆற்றல் உண்டு என்பதை அவ்வரசுகள் அறிந்திருந்தன.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணம் மீண்டும் பழைய சொற்களைக் கேட்டது. 1987 செப்டெம்பரில் நல்லூரில் திலீபன் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தபோது, வடக்கிருத்தலை நினைத்தவர் உண்டு. தற்கொலை என்று சொன்னவர் அரியர். அதன் அரசியல் இங்கு ஆராயப்படவில்லை. ஆனால் அதே காலத்தில், வீடுகளுக்குள் நிகழும் தற்கொலை குறைந்திருந்தது என்று உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவருடன் ஆய்ந்தவரும் 1995இல் எழுதினர். போர்க்காலத்தில் மக்கள் ஒருவரையொருவர் பற்றிக்கொள்வதால் இவ்வாறு குறையும் என்று பிரெஞ்சு அறிஞர் துர்க்கைம் 1897இலேயே கூறியிருந்தார். தனித்துவிடப்படாதவனுக்குச் சாவு தொலைவாகின்றது போலும்.

அதே 1995இல் இலங்கை முழுவதிலும் இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை நிகழ்ந்தது. உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் அஃது ஒன்று. கொடிய பூச்சிநாசினிகள் விலக்கப்பட்டபின் அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. காதலும் கடனும் மானமும் முன்போலவே இருந்தன. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் உயிர்பிழைத்தனர். தணியாத துணிபு என்று கதைகள் காட்டியது பெரும்பாலும் ஒரு பொழுதின் கலக்கமே என்பது இதனாற் புலனாயிற்று. 1998இல் தற்கொலை முயற்சி குற்றம் என்ற விதியும் நீக்கப்பட்டது. நூற்றுப்பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், பிழைத்து எழுந்தவர் பொலிசுக்கு அஞ்சாமல் நடந்ததைச் சொல்ல முடிந்தது. இன்று தேசிய மனநல நிறுவனத்தில் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைத்தால், பெயர் சொல்லாமலே ஒருவரிடம் பேசலாம். தோழி இருந்த இடம் அது.