நாமெல்லாம் அட்மின் ஆன கதை

2006ல நத்தம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பிரவுசிங் சென்டர்தான் நமக்கு கோயில். விண்டோஸ் எக்ஸ்பி போட்ட நாலு பொட்டி. பாஸ்வேர்டு கிடையாது, உக்காந்தவன் எல்லாம் அட்மினிஸ்ட்ரேட்டர். இ-கலப்பை இல்லையா, நானே இறக்கி நிறுவிக்குவேன். யாரையும் கேக்க வேண்டாம். சொர்க்கம்!

அங்கே சொருகின பென் டிரைவை ஒருநாள் மாமா வீட்டுல சொருகினேன். மாமாவுக்கு சட்டை தைச்சுக் குடுக்கிற தொழில். யாருக்கு எத்தனை பீஸ், எவ்வளவு கூலி, எல்லாம் எக்செல்ல இருந்துச்சு. ஆட்டோரன் வழியா வைரஸ் உள்ளே போயிடுச்சு. டாஸ்க் மேனேஜரைத் திறந்தா, 'உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் இதை முடக்கியிருக்கிறார்'ங்கற மாதிரி இங்கிலீஷ்ல ஒரு செய்தி. யோவ், அந்த அட்மினிஸ்ட்ரேட்டரே நான்தானேய்யா!

நான்தான், ஆனா நான் மட்டும் இல்லை. யார் கணக்குல ஒரு புரோகிராம் ஓடுதோ, அவரோட அதிகாரம் முழுசும் அதுக்கும் உண்டு. என் சாவியை வச்சே என்னை வெளியே பூட்டிருச்சு. மெக்கானிக் ஃபார்மட் பண்ணார். மூணு மாசக் கணக்கு போச்சு. தையல்காரங்க சொன்ன எண்ணிக்கையை நம்பித்தான் மாமா கூலி குடுத்தார். சாதாரண கணக்கா இருந்திருந்தா பெரும்பாலும் அந்தக் கணக்கை மட்டும் அழிச்சுட்டு வேலையைப் பாத்திருக்கலாம்.

இத்தனைக்கும் இது யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை. 1970கள்லயே யுனிக்ஸ்ல 'ரூட்' தனி, மத்தவங்க தனி. தேவைப்படறப்ப மட்டும் ரூட் அதிகாரத்தைக் கடன் வாங்கற 'சுடோ' 1980லயே வந்தாச்சு. மைக்ரோசாப்ட்டும் 1993ல விண்டோஸ் என்டியில இந்தப் பிரிவினையை வச்சிருந்தாங்க. ஆனா வீட்டுக்கு வந்த 95, 98ல அது இல்லை. வீட்டுக்கு ஒரு பொட்டி, ஒரு ஆள்னு நினைப்பு. 2001ல எக்ஸ்பி வந்தப்ப அஸ்திவாரம் என்டியோடது, மேலே குடியிருந்ததோ 98 காலத்துப் புரோகிராம்கள். அதுல பாதி, சாதாரண கணக்குல ஓடவே ஓடாது. அதனால நிறுவும்போது உருவாக்குற கணக்கெல்லாம் அட்மின்னு ஆக்கிட்டாங்க. அந்த வசதிக்கு மாமா குடுத்த விலைதான் மூணு மாசக் கணக்கு.

2007ல விஸ்டா ஒவ்வொண்ணுக்கும் அனுமதி கேட்டுச்சு. எரிச்சல்ல அதை அணைச்சுப் போட்டவங்கள்ல அடியேனும் ஒருத்தன் (ஹி ஹி). அதே சமயத்துல நம்ம எல்காட், உமாசங்கர் ஐஏஎஸ் தலைமையில சூஸே லினக்ஸுக்கு மாறினப்ப, 'இதெல்லாம் ஆவுற கதையா'ன்னு சிரிச்சவனும் நானேதான். பென் டிரைவ் ஆட்டோரனை எக்ஸ்பியில நிறுத்தற அப்டேட்டை எல்லாருக்கும் அனுப்ப மைக்ரோசாப்ட்டுக்கு 2011 ஆச்சு.

சாதாரண கணக்குன்னா ஒண்ணும் வராதுன்னு சொல்லலை. 2017ல வான்னாக்ரை விண்டோஸ் ஓட்டை வழியா நேரா நுழைஞ்சுச்சு. நம்ம கோப்பைப் பூட்டறதுக்கு அட்மின் அதிகாரமே தேவையில்லை. அதுக்கு பேக்கப்தான் வழி. இன்னிக்கு விண்டோஸ் 11லயும் முதல் கணக்கு அட்மின்தான். என்ன, இப்ப பாதி அதிகாரத்தை மடிச்சு வச்சுட்டு, தேவைப்பட்டா கேக்குது.

மாமாவோட புது லேப்டாப்புல அவருக்குச் சாதாரண கணக்கு போட்டுக் குடுத்தேன். போன வாரம் போன்.

"மாப்ள, பிரிண்டர் போடணும்னா பாஸ்வேர்டு கேக்குது. என் பொட்டியில நான் யாரைய்யா கேக்கணும்?"

"என்னையத்தான் மாமா."

"2006லயும் ஒன்னையத்தான்யா நம்பினேன்!"