சீன வெளிநாட்டுச் செய்தியாளர்கள்

சீனச் செய்தி நிறுவனங்களுக்காகப் பிற நாடுகளில் தங்கி அரசியல், பொருளாதாரச் செய்தி அனுப்புவோர். பெரும்பாலோர் சின்ஹுவா என்னும் அரசுச் செய்தி நிறுவனத்தினர்.

சின்ஹுவா 1931 நவம்பரில் ஜியாங்சி மாகாணத்து ருய்ஜின் நகரில் செஞ்சீனச் செய்தி நிறுவனமாகத் தோன்றி, 1937இல் இன்றைய பெயர் பெற்றது. தொடக்கத்தில் அதற்கு வெளிநாட்டு நிருபர் எவரும் இல்லை. பிற செய்தி நிறுவனங்கள் வானொலித் தந்தியில் அனுப்பும் செய்தியை ஒட்டுக்கேட்டு எழுதி, தலைவர்கள் மட்டும் படிக்க அச்சிட்டார்கள். ‘கான்காவ் சியாவ்சி’ என்ற நாளிதழ் இதிலிருந்து வளர்ந்தது. 1985 வரை அது கடையில் கிடைக்கவில்லை. நிருபர்கள் வெளிநாடு சென்ற பின்னும் இந்தப் பழக்கம் நிலைத்தது. மக்கள் படிக்க ஒரு செய்தி, மேலிடம் படிக்க ஓர் உள்சுற்று அறிக்கை. நிருபர் தங்கிய நாட்டின் அறுவடை, விலைவாசி, அமைச்சரவைப் பூசல் எல்லாம் ஒளிவின்றி இடம்பெற்றது பின்னதில்தான்.

தூதரகம் இல்லாத இடத்தில் செய்திக் கிளையே தூதரகமாயிற்று. 1947இல் தொடங்கிய ஹாங்காங் கிளை, பிரிட்டிஷ் ஆட்சி முடியும்வரை பெய்ஜிங்கின் பிரதிநிதியாக இருந்தது. அதன் தலைவர் ஹுவாங் சுவோமெய், ஆசிய-ஆப்பிரிக்க நாடுகளின் பாண்டுங் மாநாட்டுக்குப் புறப்பட்ட ‘காஷ்மீர் பிரின்சஸ்’ விமானத்தில் 1955 ஏப்ரல் 11 அன்று தைவானை ஆண்ட கோமிந்தாங் கட்சியின் உளவாளிகள் வைத்த குண்டுக்குப் பலியானார். குறி சீனப் பிரதமர் சூ என்லாய்க்கு, அவரோ அதில் ஏறவில்லை. சின்ஹுவாவின் டில்லி நிருபர் காவ் லியாங்கை இந்தியா 1960இல் வெளியேற்றியது. பின்னர் தார் எஸ் சலாமில் இருந்து ஆப்பிரிக்கச் செய்திகளை அனுப்பிய இவரே, 1971இல் ஐ.நா.வுக்குச் சென்ற சீன முன்னோடிக் குழுவை நடத்திச் சென்றார். நிருபர் வேலைக்கும் தூதர் வேலைக்கும் இடைவெளி அவ்வளவே. பிரேசிலில் 1964 இராணுவப் புரட்சியின்போது சிறைப்பட்ட ஒன்பது சீனர்களில் இருவர் சின்ஹுவா நிருபர்கள். உளவுக் குற்றச்சாட்டு ஜோடிக்கப்பட்டது.

1999 மே மாதம் பெல்கிரேடு சீனத் தூதரகத்தின் மீது நேட்டோ குண்டு வீசியதில் ஷாவ் யுன்ஹுவான், ஷு ஷிங்ஹு, சூ யிங் ஆகிய மூன்று செய்தியாளர்கள் இறந்தனர்.

அரசு நிறுவனங்களுக்கு அப்பால், சந்தைச் செய்தியில் 2009இல் தொடங்கிய காய்சின் போன்ற தனியார் சார்ந்த இதழ்களும் வந்தன. சீனத் தொலைக்காட்சி 2012இல் நைரோபியில் ஆப்பிரிக்க நிலையம் திறந்தது. 2020இல் அமெரிக்கா ஐந்து அரசு ஊடகங்களின் சீனப் பணியாளர் எண்ணிக்கையை 160இலிருந்து 100 ஆகக் குறைத்தது. செய்தியாளர்களுக்கு விசா வழங்குவது பற்றி இந்தியாவுடன் எழுந்த தகராறு 2023இல் முற்றியது.