சூலக்கல் சொல்லும் வரிக் கணக்கு



திருப்பாலைவனம் பக்கம் வரப்புத் தகராறு வந்தால் முதலில் தேடுவது சர்வே கல்லைத்தானே? அதைவிடப் பல நூறு வருஷம் பழைய எல்லைக் கற்கள் நம் தமிழ்நாட்டிலே இன்னும் நிற்கின்றனங்க. சிவன் கோயில் நிலமானால் கல்லில் சூலம் இருக்கும், அது சூலக்கல். பெருமாள் கோயிலானால் சக்கரம்; அது ஆழிக்கல். சமணப் பள்ளிக்கு விட்ட நிலத்தில் முக்குடை.

எதற்கு இந்த அடையாளம்? வரிக்காகத்தான். அரசன் கோயிலுக்கு ஊரைக் கொடுத்தான் என்றால், உழுகிறவன் ஒன்றும் கட்ட வேண்டாம் என்று அர்த்தமில்லை. அரண்மனைக்குப் போக வேண்டிய நெல்லும் பொன்னும் கோயிலுக்குப் போகும், அவ்வளவுதான். கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் வேறு கணக்கு.

நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடு, மொத்தம் 31 ஏடுகள். முதலாம் ராஜேந்திர சோழன் தன் 6ஆம் ஆட்சியாண்டில் பழையனூரை அந்த ஊர்க் கோயிலுக்கு விட்ட செய்தி அதில் இருக்கிறது. எல்லையை எப்படி அளந்தார்கள் தெரியுமா? ஒரு பெண் யானையை எல்லை நெடுக நடக்க விட்டு, அது போன தடத்திலே கல்லும் கள்ளியும் நட்டார்கள். கள்ளி நட்டது நல்ல யோசனை. பால் இருப்பதால் ஆடு மாடு கடிக்காது; தண்ணீர் ஊற்றாவிட்டாலும் பிழைக்கும். கல்லை ஒருவன் ராத்திரியில் நகர்த்தலாம், வேரோடிய கள்ளி வரிசையை நகர்த்த முடியுமா?

ஏரியிலே தொழில் செய்கிற மீனவச் சகோதரர்கள் சிரிப்பார்கள். தண்ணீரில் கல் நட முடியாது. அதனால்தான் அவர்கள் பாடு வைத்து, முறை போட்டு வலை விடுகிறார்கள்.

சீமையிலும் இதே கதைதான். லண்டனுக்குள் வரும் நிலக்கரிக்கு அந்தக் காலத்தில் வரி இருந்தது. 1861இல் சட்டம் போட்டு, நகரத்தைச் சுற்றிலும் எல்லைக் கம்பம் நட்டார்கள். 1889இல் வரியை எடுக்கச் சட்டம் வந்தது. கம்பங்களில் இருநூறுக்கு மேல் இன்றும் நிற்கின்றன, அரசு பாதுகாப்போடு.

நம் ஊரில்? டிராக்டர் ஓட்ட இடைஞ்சல் என்று பெயர்த்துப் போடுகிறோம். புதையல் இருக்குமென்று அடியைத் தோண்டுகிறவர்களும் உண்டு. கல்லுக்கு அடியில் ஒன்றுமில்லைங்க. அது நிற்கிற இடம்தான் சரக்கு. எடுத்துக் கிணற்று மேட்டில் போட்டால் சூலம் மிஞ்சும், எல்லை போய்விடும். கழனியில் அப்படி ஒரு கல் தென்பட்டால், எழுத்தின் மேல் சுண்ணாம்பு பூசாமல், இடத்தைவிட்டு அசைக்காமல், கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, தொல்லியல் துறைக்கு எழுதச் சொல்லுங்கள்.