உத்தரவு: கேட்டதும் போட்டதும்

சிவகாசிக்காரர் வாயில் 'ஆர்டர்' என்றால் வியாபாரம். தீபாவளி ஆர்டர், காலண்டர் ஆர்டர், வடநாட்டு ஆர்டர். பட்டாசு ஆலை நடத்த அரசு தருவது லைசென்ஸ். உத்தரவு என்ற பழைய சொல் இங்கே பெரும்பாலும் இரண்டு வாசல்களில்தான் புழங்குகிறது. ஒன்று கோர்ட்டு, மற்றது கோயில். பேரியம் உப்பும் சரவெடியும் கூடாது என்று 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது உத்தரவு. அதைத் தொடர்ந்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அப்படித் தொழில் ஆட்டம் காணும் காலத்தில் "இதிலயே நிக்கவா, திருப்பூருக்குப் போயிரவா" என்று குலசாமி முன் போய் நிற்கிறார்களே, அவர்கள் எதிர்பார்ப்பதும் உத்தரவுதான். முன்னது ஆலைத் தொழிலாளி கேட்டு வாங்கியதல்ல. மேலிருந்து வந்து விழுந்தது. பின்னது கேட்டால் மட்டுமே கிடைக்கும். இந்த இரண்டில் சொல்லின் மூத்த பொருள் எது என்று பார்த்தால், கோயில் வாசலில் நிற்பவர் பக்கமே வழக்கு சாய்கிறது.

வடமொழியில் 'உத்தர' என்பதற்கு மேலானது, பிந்தியது, வடக்கு, மறுமொழி என்று பல பொருள். உத்தரகாண்டம் பிந்திய காண்டம். உத்தராயணம் வடக்கு நோக்கிய நகர்வு. கேள்விக்குப் பிந்தி வருவதால் பதிலும் உத்தரம். இந்தியில் இன்றும் பதில் 'உத்தர்'தான். மலையாளத்தில் கேள்விக்கு உத்தரம், அரசாங்கத்துக்கு உத்தரவு என்று இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டார்கள். தெலுங்கில் உத்தரம் என்றால் கடிதம். எழுதியவருக்குப் பதில் போடுவதிலிருந்து வந்த பொருளாக இருக்க வேண்டும். தமிழின் பழைய அகராதிகள் உத்தரவுக்கு மறுமொழி, கட்டளை, அனுமதி என்று மூன்று பொருளும் சொல்கின்றன. இன்றைய பேச்சில் மறுமொழி போய்விட்டது. மற்ற இரண்டும் நிற்கின்றன.

பதில் எப்படிக் கட்டளையானது? பதில் சொல்பவர் யார் என்பதில் இருக்கிறது விஷயம். சமமானவர் சொன்னால் பதில். ஜமீன் அரண்மனையிலோ கலெக்டர் கச்சேரியிலோ கைகட்டி நின்று ஒன்றைக் கேட்டால், அங்கிருந்து வரும் பதிலை மீற முடியாது. மீற முடியாத பதிலுக்குக் கட்டளை என்று பெயர். அதே இடத்தில் "நான் போகலாமா?" என்று கேட்டு வரும் பதில் அனுமதி. பெரியவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது "உத்தரவு வாங்கிக்கிறேன்" என்று சொல்லும் வழக்கம் நம் தாத்தா தலைமுறை வரை இருந்தது. நம்முடைய 'விடை'யும் இதே பாதையில் நடந்திருப்பதுதான் எனக்கு வியப்பு. வினாவுக்கு விடை, விருந்தாளிக்கும் விடை கொடுக்கிறோம். பதிலும் பிரிவுக்கான சம்மதமும் ஒரே சொல்லில். ஒருவரை அவர் வழியில் போக விடுவதற்கு முன் அவருக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது என்ற எண்ணம் நம் மொழிக்குள் ஆழமாகக் கிடக்கிறது.

சொல் வடக்கிலிருந்து வந்தது. இப்படிக் கேட்டுப் பதிலுக்குக் காத்து நிற்கும் செயல் நம்முடையது, மிகப் பழையது. முல்லைப்பாட்டில் போருக்குப் போன தலைவன் திரும்புவானா என்று அறிய, முதிய பெண்கள் நெல்லும் முல்லைப் பூவும் கொண்டுபோய்ப் படைத்து, கைதொழுது, காது கொடுத்து நிற்கிறார்கள். பசியோடு நிற்கும் கன்றிடம் ஓர் ஆய்மகள், உன் தாய் இப்போது வந்துவிடும் என்று ஆறுதல் சொல்வது காதில் விழுகிறது. அதுவே அவர்களுக்குப் பதில். இதற்கு விரிச்சி என்று பெயர். நெல்லை எண்ணிப் பார்க்கும் கட்டு, கழற்சிக்காய் போட்டுப் பார்க்கும் கழங்கு ஆகியவற்றைத் தொல்காப்பியமும் அறியும். விரிச்சியில் எனக்குப் பிடித்தது, பதில் சொன்ன பெண்ணுக்குத் தான் பதில் சொன்னதே தெரியாது என்பதுதான். கேட்டவர்கள் அவ்வளவு கூர்மையாகக் காத்திருந்தார்கள்.

விருதுநகர்ச் சீமையில் இன்று இதற்குப் பூப்போட்டுப் பார்ப்பது, பூக்கட்டிப் பார்ப்பது என்று பெயர். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். எது சம்மதம் என்பதைக் கேட்பவர் முன்கூட்டியே நினைத்துக்கொள்ள வேண்டும். அடையாளம் தெரியாதபடி ஒரே மாதிரி மடித்து, சாமி காலடியில் குலுக்கிப் போட்டு, ஒரு சிறு பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். "பூ குடுத்துருச்சு" என்றால் உத்தரவு ஆயிற்று. ஊர்ப் பொங்கல் சாட்டுவதற்கும் பல ஊர்களில் இப்படிக் கேட்ட பிறகே நாள் குறிக்கிறார்கள்.

சாத்தூர்ப் பக்கத்து அம்மன் கோயில் ஒன்றில் பார்த்ததைச் சொல்ல வேண்டும். பொட்டலம் மடிக்கக் கிழித்தது தேதிக் காலண்டர் தாள். பட்டாசு ஆலைக்குப் போகும் பெண் ஒருவர், மகளோடு வந்திருந்தார். பூசாரி, "என்னம்மா நெனச்சிருக்க?" என்றார்.

"நல்லது நடக்கணும் சாமி."

"அப்படிக் கேட்டா ஆத்தா என்னன்னு சொல்லுவா? வெவரமா நெனை."

அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "இவள நர்சிங் சேக்கவா, இல்ல எங்கூட ஆலைக்கே கூட்டிட்டுப் போகவா?"

"அது ரெண்டு கேள்வி. ஒண்ணக் கேளு."

அந்தத் தாய் வெகுநேரம் பேசவில்லை. ஆலையில் வாங்கிய முன்பணம், கல்லூரிக் கட்டணம், அடுத்த வருஷத்துச் சடங்குச் செலவு, ஆலை விபத்தில் போன யாரோ ஒருவர் முகம், எல்லாம் அந்த மௌனத்துக்குள் வந்து போயிருக்கும் என்று நினைக்கிறேன். கடைசியில், "நர்சிங் சேக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். பூ என்ன சொன்னது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எனக்கு அந்தப் பூசாரி செய்ததுதான் பெரிது. குழம்பிக் கிடந்த ஒரு மனத்திடமிருந்து ஒற்றைக் கேள்வியை வாங்கினார். தியானம், விசாரம் என்று பெரிய பெயர்களில் சொல்லப்படுவதன் முதல் படி இதுதான்.

அந்தக் காலண்டர் தாளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகளை வெளியிட்டு, தமிழ்நாடு முழுவதற்கும் நல்ல நேரமும் ராகுகாலமும் அச்சடித்து அனுப்பும் ஊர் சிவகாசி. ஆனால் நல்ல நேரம் 'எப்போது' என்றுதான் சொல்லும். 'செய்யலாமா' என்பதற்குத் தாளில் இடமில்லை. அதனால்தான் காலண்டர் அடிக்கும் ஊர்க்காரரும் கோயில் வாசலுக்குப் போக வேண்டியிருக்கிறது.

உத்தரவு என்ற சொல்லின் மிகப் பெரிய தருணம் இதே மாவட்டத்துப் பிள்ளை ஒருவரின் கையெழுத்தில் இருக்கிறது. அருப்புக்கோட்டை தாண்டித் திருச்சுழி. திருமேனிநாதர் கோயில் உள்ள ஊர். அங்கே சன்னது இல்லாத வக்கீலாக இருந்த சுந்தரமய்யருக்கும் அழகம்மாளுக்கும் 1879 டிசம்பர் 30-ல் பிறந்தவர் வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி. கட்சிக்காரர்களும் கோர்ட்டு உத்தரவுகளும் புழங்கிய வீடு. 1892-ல் தந்தை இறந்ததும் மதுரையில் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். 1896 ஜூலையில், திடீரென்று வந்த மரண பயத்தில், செத்தவரைப் போலவே கையும் காலும் நீட்டிப் படுத்து, உடல் போனால் போவது யார் என்று உள்ளே பார்த்தார்.

ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதிவரச் சொன்ன தண்டனை. எழுதிக்கொண்டிருந்தவர் பாதியில் தள்ளி வைத்துவிட்டுக் கண்மூடி உட்கார்ந்தார். இப்படி இருப்பவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்ற பொருளில் அண்ணன் நாகசாமி சொன்னது சுருக்கென்று தைத்தது. அவர் கடிந்துகொள்ளத்தான் சொன்னார். தம்பிக்கு அது பதிலாக விழுந்தது. ஆய்மகளின் பேச்சு முதிய பெண்களுக்கு விழுந்த மாதிரி. ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிக் கிளம்பினார். அண்ணன் தன் கல்லூரிச் சம்பளம் கட்டச் சொல்லியிருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுப் போனார். தகப்பனாரை, அதாவது இறைவனைத் தேடி, அவர் உத்தரவுப்படி கிளம்பியிருப்பதாகச் சீட்டு சொல்கிறது. வருத்தப்பட வேண்டாம், தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம், சம்பளம் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்றும் சொல்கிறது. கையெழுத்துப் போடும் இடத்தில் பெயர் இல்லை, கோடு மட்டும். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக் கோயிலுக்குள் போய் நின்றார்.

அவர் பூப்போட்டுப் பார்த்ததாகவோ சகுனம் பார்த்ததாகவோ எந்த வரலாறும் சொல்லவில்லை. இருந்தும் 'உத்தரவு' என்றே எழுதினார். தானே முடிவெடுத்தேன் என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை. அதே சீட்டில் கல்லூரிச் சம்பளக் கணக்கும் ஒழுங்காக இருக்கிறது. உத்தரவு வந்துவிட்டது என்று சொல்லி வீட்டுக் கணக்கை அந்தரத்தில் விடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம். ஆகையால் அந்த இரண்டு ரூபாயை நான் சிறியதாக நினைக்கவில்லை. ஆனால் அழகம்மாளை யாரும் கேட்கவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. 1898 டிசம்பரில் அந்தத் தாய் நேரில் போய் அழுதும் மகன் வரவில்லை. நடப்பது வினைப்படி நடக்கும், மௌனமே நல்லது என்ற கருத்தில் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். 1916-ல் தாயே வந்து மகனோடு தங்கி, 1922-ல் அங்கேயே கண்மூடினார். பிரிவுக்கான விடை அத்தனை ஆண்டுகள் கழித்துத்தான் கொடுத்து முடிந்தது என்று எனக்குத் தோன்றும்.

ரமணரிடம் வந்த சிவப்பிரகாசம் பிள்ளையின் கதை நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கம். வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். 'நான் யார்?' நூலுக்கு ஆதாரமான கேள்விகளைக் கேட்டவர். மனைவி இறந்த பிறகு மறுமணம் பற்றிய எண்ணம் அவரை வாட்டியது. துன்பங்களிலிருந்து விடுபட என்ன வழி, மனத்தில் இருக்கும் பெண்ணை மணக்கலாமா, கூடாதென்றால் ஏன், மணப்பதென்றால் பணத்துக்கு எங்கே போவது என்று நான்கு கேள்விகளைத் தாளில் எழுதி, பிள்ளையார் கோயிலில் சாமி முன் வைத்து இரவு முழுவதும் காத்திருந்தார். பதில் வரவில்லை. தாளோடு ரமணரிடம் போனார். அங்கும் கேட்கவில்லை, ரமணரின் வாழ்க்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததிலேயே பதில் தெரிந்துவிட்டது. மறுமணம் செய்யவில்லை. பிள்ளையார் பேசாமல் இருந்ததை அவர் சம்மதமாகவும் எடுத்துக்கொள்ளவில்லை, மறுப்பாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. பதில் வராததைப் பதில் வரவில்லை என்றே வைத்துக்கொள்ளும் நேர்மை எளிதல்ல.

சேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் வாழ்விலும் இப்படி ஒரு கட்டம் உண்டு. இளமையில், மாதாவை இழிவாகப் பேசிய ஒருவனைத் துரத்திப்போய்க் குத்துவதா விடுவதா என்று தெரியாமல், வழி பிரியும் இடத்தில் கடிவாளத்தைத் தளர்த்தி, முடிவைக் கோவேறு கழுதையிடம் விட்டார். அது வேறு வழியில் போனது, அவன் பிழைத்தான். அதே மனிதர் 1548-ல் அச்சான 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் கழுதையை நம்பச் சொல்லவில்லை. சாகும் நேரத்தில் இருப்பதாக நினைத்துப் பார், அப்போது எதைத் தேர்ந்திருக்க விரும்புவாய் என்று கேட்கச் சொன்னார். மதுரை மாடியில் செத்தவர்போல் படுத்த பதினாறு வயதுப் பையன் அந்த நூலைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. இருவரும் ஒரே இடத்துக்குப் போனார்கள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் இப்படி ஆராய்ந்து முடிவெடுப்பதைத் தேர்ந்து தெளிதல் என்கிறார்கள். நல்ல தமிழ்.

காங்கயம் அருகே சிவன்மலையில் 'ஆண்டவன் உத்தரவுப் பெட்டி' இருக்கிறது. பக்தர் கனவில் வந்த பொருளை அதில் வைக்கிறார்கள். கனவை மட்டும் நம்பி வைப்பதில்லை. சாமியிடம் பூக்கேட்டு உறுதியான பிறகே வைக்கிறார்கள். வந்த பதிலையும் மறுபடி கேட்டுச் சரிபார்க்கும் இந்த நிதானம் கல்யாணப் பேச்சுகளில் ஏன் காணாமல் போகிறது? "சாமி உத்தரவு குடுத்துருச்சு, இனிமே பேச்சில்ல" என்று பெண் பிள்ளைகளின் வாயை அடைப்பதைக் கேட்டு எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அப்போது அந்தச் சொல் கச்சேரியில் கற்ற பொருளில் பேசுகிறது. அந்தப் பெண் கேட்காத கேள்விக்கு வந்த பதில் அவளுக்கு எப்படி உத்தரவாகும்?

சாத்தூர்க் கோயிலில் அந்த மகள் கடைசி வரை அர்ச்சனைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. படிப்புக்கோ கல்யாணத்துக்கோ வேலைக்கோ பூப்போட்டுப் பார்க்கப் போகும் அம்மா அப்பாமார்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பொட்டலம் மடிப்பதற்கு முன், யாருடைய வாழ்க்கையோ அந்தப் பிள்ளையைச் சாமி முன் நிறுத்தி, கேள்வியை அதன் வாயாலேயே கேட்கச் சொல்லுங்கள்.