பொன்முலாமும் படைக்கலனும்: இலண்டன் வாலஸ் தொகுப்பில் பொருள்கள் வந்து சேர்ந்த வழி

முன்னுரை

இலண்டனின் மான்செஸ்டர் சதுக்கத்தில் அமைந்த ஹெர்ட்ஃபோர்ட் மாளிகை, வாலஸ் தொகுப்பு எனப்படும் தேசிய அருங்காட்சியகத்தின் இருப்பிடமாகும். அதன் நிலையான காட்சியைக் காண நுழைவுக் கட்டணம் இல்லை. ஏறத்தாழ 5,500 பொருள்களைக் கொண்ட இத்தொகுப்பில் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறைகலன்கள், செவ்ர் பீங்கான்கள், ஓவியங்கள் ஆகியவற்றோடு ஐரோப்பிய, ஆசியப் படைக்கலன்களும் கவசங்களும் பெருந்தொகையாக உள்ளன. தரைத்தளத்தில் நான்கு கூடங்கள் படைக்கலன்களுக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளன. மேல்தளத்தில் ஃபிராகோனார் 1767 அளவில் தீட்டிய ஊஞ்சல் ஓவியமும் ஃபிரான்ஸ் ஹால்ஸ் 1624இல் தீட்டிய சிரிக்கும் வீரனின் ஓவியமும் பார்வையாளரை ஈர்க்கின்றன.

அலங்காரக் கலையும் போர்க் கருவியும் ஒரே கூரையின்கீழ் அமைந்ததற்குச் செல்வர் ஒருவரின் விருப்பமே காரணம் என்று பொதுவாகக் கூறப்படுவதுண்டு. அவ்விளக்கம் பிழையன்று, ஆயினும் போதாது. இவ்விருவகைப் பொருள்களும் பெரும்பாலும் அரசுகள் வீழ்ந்த தருணங்களில் தத்தம் இடங்களிலிருந்து பெயர்ந்தவை. கைவினை, நாடு, காலம் என்னும் முறையில் அவற்றை அடுக்கும் காட்சியமைப்பில் இப்பெயர்ச்சி எளிதில் கண்ணில் படுவதில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தொகுப்பின் தோற்றம்

ஹெர்ட்ஃபோர்ட் மார்க்குவிஸ் பட்டம் தாங்கிய முதல் நால்வரும், நான்காமவரின் மணவுறவுக்கு வெளியே பிறந்த மகன் எனப் பெரும்பாலும் கருதப்படும் சர் ரிச்சர்ட் வாலஸும் (1818–1890) இத்தொகுப்பைத் திரட்டினர். இவர்களுள் நான்காம் மார்க்குவிஸின் (1800–1870) பங்கே மிகுதி. அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பாரிசிலேயே கழித்தார். இன்று தொகுப்பைத் தாங்கி நிற்கும் மாளிகையில் அவர் வாழவில்லை.

அவர் வாங்கிய பிரெஞ்சு அறைகலன்கள் சந்தைக்கு வந்த வரலாறு கருதத்தக்கது. பிரெஞ்சுப் புரட்சி அரசு 1793 ஆகஸ்டு தொடங்கி ஓராண்டுக் காலம் வெர்சாய் அரண்மனைப் பொருள்களை ஏலத்தில் விற்றது. ஏலத் தொகுதிகளின் எண்ணிக்கை 17,000ஐத் தாண்டியது. அரசியின் அறையிலிருந்த இழுப்பறைப் பெட்டியும் சமையற்கட்டுப் பாத்திரமும் அடுத்தடுத்து ஏலம் போயின. மரி அந்துவானெத் அரசிக்காக ழான்-ஆன்ரி ரீஸ்னர் செய்த அறைகலன்கள் இன்று இலண்டனில் இருப்பதற்கு இக்கலைப்பே முதற்காரணம். மென்மையும் ஒயிலும் நிறைந்த அவ்வறைகளில் நிற்பவர் ஓர் அரசின் சிதறலுக்கு நடுவே நிற்கிறார்.

ஐரோப்பியக் கவசங்களின் வருகையும் இதற்கு வேறன்று. 1870 ஆகஸ்டில் நான்காம் மார்க்குவிஸ் இறந்தார். சில வாரங்களுக்குள் மூன்றாம் நெப்போலியனின் பேரரசு கவிழ்ந்தது. அப்பேரரசில் நுண்கலைத் துறையின் தலைவராயிருந்த நியூவெர்கெர்க் பிரபு பதவியிழந்தார். அவர் திரட்டியிருந்த படைக்கலன் தொகுப்பை 1871இல் வாலஸ் மொத்தமாக விலைக்கு வாங்கினார். அதே காலத்தில் பாரிஸ் முற்றுகையில் அவதியுற்ற மக்களுக்கு மருத்துவ உதவியும் உணவும் கிடைக்க வாலஸ் தம் செல்வத்தைச் செலவிட்டதையும், 1872 முதல் அந்நகரத் தெருக்களில் குடிநீர் ஊற்றுகள் நிறுவப் பொருள் அளித்ததையும் மறத்தல் ஆகாது. அவருடைய வள்ளன்மை உண்மையானது; அது கவசம் வாங்கிய அதே கையினின்று வந்தது என்பதும் உண்மையே.

கைவினையின் உறவு

அலங்காரக் கலை, போர்க்கலை என்னும் பகுப்பு பின்னாளைய நூலகரும் காப்பாளரும் வகுத்தது. பட்டறையில் அப்பகுப்பு இல்லை. இதனை இருதொழில் நுட்பங்கள் தெளிவாக்கும்.

முதலாவது பாதரச முலாம். பொன்னைப் பாதரசத்தோடு கலந்து உலோகப் பரப்பில் பூசிச் சூடேற்றினால் பாதரசம் ஆவியாகிப் பொன் ஒட்டிக்கொள்ளும். பிரெஞ்சு அறைகலன்களின் வெண்கலப் பூண்கள் இம்முறையிலேயே பொன்னிறம் பெற்றன. கவசங்களின் பொன்னொளியும் இதன் விளைவே. இங்கிலாந்தின் கிரீன்விச் அரச பட்டறையில் 1587 அளவில் பக்ஹர்ஸ்ட் பிரபு தாமஸ் சாக்வில்லுக்காகச் செய்யப்பட்ட கவசத்தின் பொற்பட்டைகளை மேல்தள மேசைகளின் பூண்களோடு ஒப்பிட்டால் இவ்வுறவு விளங்கும். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர் நடுக்கமும் நஞ்சேற்றமும் உற்றனர். அரசியின் மேசையும் பிரபுவின் மார்க்கவசமும் அவர்களை வேறுபடுத்திப் பார்க்கவில்லை.

இரண்டாவது அமில அரிப்பு. இரும்பின்மேல் மெழுகு போன்ற காப்புப் பூசி, கோடு கீறி, அமிலத்தால் அரிக்கச் செய்யும் உத்தியைக் கவசக் கம்மியர் அலங்காரத்துக்குப் பயன்படுத்தினர். ஆக்ஸ்பர்க் நகரில் கவசங்களுக்கு இவ்வகை ஒப்பனை செய்துவந்த டேனியல் ஹோப்ஃபர், இரும்புத் தகட்டில் அவ்வாறே அரித்து மை தடவித் தாளில் அச்சுப் பதித்தார். ஐரோப்பிய அமில அச்சோவியம் போர்க்கவசத்தின் பட்டறையிலிருந்து பிறந்தது எனலாம். ஓவியக் கூடத்தையும் கவசக் கூடத்தையும் தனித்தனியே பார்த்துத் திரும்புவோர் தவறவிடும் செய்தி இது.

லாண்ட்ஷூட் நகரில் 1480 அளவில் செய்யப்பட்ட, வீரனுக்கும் குதிரைக்குமான கவசத்தில் பொன் மிகுதியில்லை. எஃகின் வளைவும் மடிப்பும் விளிம்புமே அங்கு அழகாகின்றன. தாக்க வரும் முனையை வழுக்கித் தள்ளுவதற்கென வகுக்கப்பட்ட மடிப்புகள் அவை. இக்கட்டுரையாளரின் மதிப்பீட்டில் மாளிகையிலுள்ள பொருள்களுள் மிகத் தேர்ந்த வடிவமைப்பு இதுவே. செவ்ர் பீங்கானின் நீலமும் இளஞ்சிவப்பும் இதற்கு அடுத்தபடியானவை.

படிக்கட்டின் கைப்பிடிக் கிராதி

கண்ணாடிப் பேழைக்குள் இல்லாத ஒரு பொருள் இங்குத் தனிக்கவனம் பெறத்தக்கது. மாளிகையின் முதன்மைப் படிக்கட்டில் இரும்பும் பித்தளையும் கலந்த கைப்பிடிக் கிராதி ஒன்று உள்ளது. அது 1719–20 அளவில், ஜான் லா என்பவர் பிரான்சில் நடத்திய அரச வங்கிக்காகச் செய்யப்பட்டது. அதனால்தான் அதில் நாணயங்களும் தாள்பணமும் நிரம்பி வழியும் வளக்கொம்புகள் வடிக்கப்பட்டுள்ளன. கிராதி முடிவதற்குள் வங்கியே முடிந்துபோனது என்று சொல்லுமளவுக்கு, 1720இல் அந்தத் தாள்பணத் திட்டம் சரிந்தது. அக்கட்டடம் பின்னர் அரச நூலகமாயிற்று. 1860களின் இறுதியில் கட்டடத்தைத் திருத்தியமைத்தபோது கிராதி கழற்றப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. வாலஸ் அதனை இலண்டனுக்குக் கொணர்ந்து, தம் மாளிகையின் படிக்கட்டுக்கேற்ப மாற்றி, தம் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்துப் பொருத்தினார்.

பழைய இரும்பு விலைக்குப் போன பொருளைக் கலைப்பொருள் என அறியும் கண் அவரிடம் இருந்தது. எல்லா இடங்களிலும் அத்தகைய கண் வாய்க்கவில்லை என்பதைக் கீழே காண்போம்.

கீழைநாட்டுப் படைக்கலக் கூடம்

ஆசியப் படைக்கலன்களை நான்காம் மார்க்குவிஸ் பெரும்பாலும் 1860களில் பாரிசில் வாங்கினார். கீழைநாட்டுக் காட்சிகளைத் தீட்டிய பிரெஞ்சு ஓவியர்களின் படங்களையும் அவர் விரும்பிச் சேர்த்தவர். அப்படங்களிலுள்ள வாள்களும் இக்கூடத்து வாள்களும் ஒரே இரசனையின் இரு முகங்கள். வைரமும் மாணிக்கமும் மரகதமும் பதித்த பொற்கைப்பிடியுடைய, பதினேழாம் நூற்றாண்டுத் தொடக்கத்து முகலாயக் குத்துவாள் இக்கூடத்தின் சிறப்புப் பொருள்களுள் ஒன்று.

தமிழ் ஆய்வாளர் இங்குக் கூர்ந்து நோக்க வேண்டியது கற்களையன்று, அலகுகளையே. பாரசீக, இந்திய வாள்களின் நீரோட்டம் போன்ற வரிகள் மூசையில் உருக்கிய உயர்கரி எஃகின் அடையாளம். அத்தகைய எஃகுக் கட்டிகள் தக்காணத்திலிருந்து, குறிப்பாகக் கோல்கொண்டாப் பகுதியிலிருந்து, பாரசீகத்துக்கு ஏற்றுமதியாயின. ஐரோப்பியர் இவ்வெஃகை ‘வூட்ஸ்’ என்றனர். அச்சொல் கன்னட உக்கு, தமிழ் உருக்கு ஆகியவற்றோடு தொடர்புடையது என்பது பரவலான கருத்து. தமிழகத்தில் மேல்சிறுவளூரில் மூசை எஃகு உற்பத்தியின் எச்சங்களை ஷாரதா ஸ்ரீனிவாசன் அடையாளங்கண்டு ஆராய்ந்துள்ளார். பாரசீக வாள் என ஒரு பொருளுக்குப் பெயரிடும்போது அதன் வடிவுக்குரிய நாடு மட்டுமே சொல்லப்படுகிறது; உலோகத்துக்குரிய நாடு வேறாக இருக்கக்கூடும்.

இத்தொகுப்பின் மிகக் கடினமான பொருள் ஆசியாவிலிருந்து வந்ததன்று. இன்றைய கானாவிலுள்ள அசாந்தே நாட்டின் பொன்முகம் அது. மனிதத் தலையின் வடிவில் பொன்னில் வார்க்கப்பட்ட இதனை வெற்றிச் சின்னம் என்று கருதுகின்றனர். 1874 பிப்ரவரியில் சர் கார்னெட் வுல்ஸ்லி தலைமையிலான பிரித்தானியப் படை குமாசியில் நுழைந்து, மன்னர் கோஃபி கரிகரியின் அரண்மனையைச் சூறையாடி, வெடிவைத்துத் தகர்த்தது. கைப்பற்றிய பொன் ஏலத்தில் விற்கப்பட்டது. இலண்டன் நகை வணிகரான கேரார்டு நிறுவனத்தின் வழி இப்பொன்முகம் வாலஸை அடைந்தது. இது அலங்காரக் கலையா, போர்ப்பொருளா என்று வினவினால் இரண்டும் எனலாம். அதை வைத்திருந்த அரசுக்கோ இரண்டுமன்று, ஆட்சியின் சின்னம். விலை கொடுத்து வாங்கியவர் வாலஸ். விலைக்கு விற்றவருக்கு அது எவ்வாறு கிட்டியது என்பதே கேள்வி.

தஞ்சைப் படைக்கலச் சாலை

இவ்வினாவைத் தமிழகத்தின் ஒரு நிகழ்வோடு சேர்த்துப் பார்க்க இடமுண்டு. அசாந்தேப் பொன் கைமாறிய முறைக்கும் தஞ்சைப் படைக்கலன்கள் கைமாறிய முறைக்கும் ஒரே பேரரசின் நடைமுறையே அடிப்படை. தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனி அரசுச் சொத்தோடு அவருடைய தனிச்சொத்தையும் கைப்பற்றியது. அரசியருள் மூத்தவரான காமாட்சி பாயி சாகேபா வழக்குத் தொடுத்தார். இலண்டன் பிரிவி கவுன்சில் 1859இல் அதனைத் தள்ளுபடி செய்தது. கைப்பற்றியது அரசச் செயல் ஆதலின் நீதிமன்றம் அதனை விசாரிக்க அதிகாரமற்றது என்பது தீர்ப்பின் சாரம். செயல் நேர்மையானதா என்னும் வினாவுக்கு அத்தீர்ப்பு விடையளிக்கவில்லை. விடையளிக்கும் மன்றம் தானில்லை என்று மட்டுமே கூறியது.

அரண்மனைப் படைக்கலச் சாலையின் கதியைச் சென்னை மாகாணக் குடிமைப் பணியிலிருந்த வால்ஹவுஸ் 1878இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் எழுதினார். தேர்ந்தெடுத்த சில பொருள்கள் சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றன. பெருந்தொகையான ஏனைய ஆயுதங்கள் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. பாரிசில் பழைய இரும்பிலிருந்து ஒரு கிராதி மீட்கப்பட்ட காலத்தை ஒட்டி இது நிகழ்ந்தது. தப்பியவற்றுள், கையை மறைக்கும் யாளி முகப்புக் காப்புடைய தென்னிந்தியக் கட்டாரிகள் சில, ஜார்ஜ் கேமரன் ஸ்டோனின் 1935ஆம் ஆண்டுக் கொடை வழியே நியூயார்க் பெருநகரக் கலை அருங்காட்சியகம்வரை சென்றுள்ளன. அவற்றில் பல ஐரோப்பிய அலகைத் தாங்கியவை என்பதும் சுவையான செய்தி. பரங்கி அலகைத் தஞ்சைக் கம்மியர் தம் கைப்பிடியில் பொருத்தினர். பின்னர் முழுக்கட்டாரியும் பரங்கியர் பேழைக்குள் சென்றது.

உடைபட்ட ஆயுதங்களோடு அழிந்தது உலோகம் மட்டுமன்று. எந்தக் கட்டாரி எந்த அறையில், எந்த வழிபாட்டுக்குரியதாக, எந்தப் படைப்பிரிவுக்குரியதாக இருந்தது என்னும் உறவுகளும் அழிந்தன. ஆயுத பூசையில் மஞ்சள் குங்குமம் பெற்ற வாளை அலங்காரப் பொருள் என்பதா, போர்ப்பொருள் என்பதா?

கட்டணமின்மையும் உயிலின் கட்டுப்பாடும்

வாலஸின் மனைவி 1897இல் இறந்தபோது தொகுப்பைப் பிரித்தானிய நாட்டுக்கு உயில்வழி அளித்தார். பொருள்கள் பிரிக்கப்படாமல் ஒன்றாக இருக்க வேண்டும், வேறு கலைப்பொருள்கள் அவற்றோடு கலக்கப்படக் கூடாது என்பன நிபந்தனைகள். 1900 ஜூன் 22 அன்று அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எப்பொருளும் வெளியே இரவலாகக்கூடச் செல்லவில்லை. 2019இல் அறக்கட்டளை ஆணையத்தின் ஆணை இரவலுக்கு இசைவளித்தது. அடுத்த ஆண்டு டிஷியனின் பெர்சியஸ், ஆண்ட்ரோமெடா ஓவியம் இலண்டன் தேசிய ஓவியக் காட்சியகத்துக்கு இரவலாகச் சென்றது.

கட்டணமின்மை, பொருள் யாவர்க்கும் உரியது என்னும் கொள்கையின் வெளிப்பாடு. இலண்டனில் வாழும் ஏழை மாணவர் நாள்தோறும் சென்று பார்க்கலாம்; இது சிறிய பேறன்று. ஆனால் குமாசியில் வாழும் மாணவருக்கு வானூர்திச் சீட்டும் நுழைவிசைவும் சேர்ந்தே நுழைவுக் கட்டணமாகின்றன.

2024இல் பிரித்தானிய அருங்காட்சியகமும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் 32 அசாந்தேப் பொருள்களை மூன்றாண்டு இரவலாகக் குமாசியின் மான்ஹியா அரண்மனை அருங்காட்சியகத்துக்கு அனுப்பின. வாலஸ் தொகுப்பின் பொன்முகம் அவற்றுள் இல்லை. இரவலுக்குத் தடையாயிருந்த உயிலின் பொருள்கோள் அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே தளர்த்தப்பட்டுவிட்டது.