சமூகக் கம்பியில்லா வலையமைப்பு: கருவியும் வழி நெறிமுறையும்

சமூகக் கம்பியில்லா வலையமைப்பு என்பது ஊர் மக்களோ தொண்டு நிறுவனங்களோ தாமே அமைத்துப் பேணும் வைஃபை இணைப்புத் தொகுதி ஆகும். கண்ணி முறையில் ஒவ்வொரு கூரையிலும் உள்ள ரௌட்டர் அடுத்த கூரையின் தரவையும் ஏந்திச் செல்லும். எந்தக் கூரை வழியே தரவு போக வேண்டும் என்பதை வழி நெறிமுறை முடிவு செய்யும்.

தொடக்கம்

2002 இறுதியில் வெளியான லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்னும் வீட்டு ரௌட்டர் லினக்ஸில் இயங்கியது. அதன் மூலநிரல் 2003இல் வெளியானது. அடுத்த ஆண்டு தொடங்கிய ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம், மலிவான அக்கருவியைக் கண்ணி முனையாக மாற்ற வழி செய்தது. 2003இல் வெளியான ஓஎல்எஸ்ஆர் நெறிமுறையில் ஒவ்வொரு முனையும் வலையமைப்பின் முழு வரைபடத்தையும் கணக்கிட வேண்டும். வலை பெருகியபோது சிறிய செயலிகளுக்கு இது சுமையாயிற்று. எனவே பெர்லினின் ஃப்ரைஃபுங்க் குழுவினர் 2006இல் பேட்மேன் நெறிமுறையை உருவாக்கத் தொடங்கினர். இதில் எந்த அண்டை முனையிடம் தரவைக் கொடுப்பது என்று தெரிந்தால் போதும்.

இந்தியாவில்

2005 ஜனவரியில் நடுவணரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வெளியிடங்களிலும் உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்தது. அடுத்த மாதமே இமாசலப் பிரதேசத்தின் தரம்சாலாவில் கண்ணி வலையமைப்பு இயங்கத் தொடங்கியது. மலைச்சரிவுகள் நேர்பார்வையை மறைத்ததால், முனைக்கு முனை தாவும் முறை அங்கே பொருந்தியது.

தேனி

தேனி அரவிந்த் கண் மருத்துவமனை வேறு வழியைத் தேர்ந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதனைக் கிராமக் கண் பரிசோதனை மையங்களுடன் இணைத்தனர். நோயாளி தம் ஊரிலேயே அமர்ந்து, தேனியில் உள்ள மருத்துவரிடம் காணொளியில் பேச முடிந்தது. இங்கு முனைகளும் பாதைகளும் முன்பே தெரிந்தவை. ஆகவே வழி தேடுவதைவிட, திசை ஆன்டெனாவும் உயர்ந்த கோபுரமுமே முதன்மையாயின. சில இணைப்புகள் 15 கி.மீ. வரை நீண்டன.

சாதாரண வைஃபை, தரவு சேர்ந்ததற்கான ஒப்புகையை மிகக் குறுகிய நேரமே எதிர்பார்க்கும். நெடுந்தொலைவில் ஒப்புகை தாமதமாவதால், போய்ச்சேர்ந்த தரவையே திரும்பத் திரும்ப அனுப்பும். இரு முனைகளும் முறைவைத்து அனுப்பும்படி ஆய்வாளர்கள் மென்பொருளை மாற்றி, 2007இல் ‘வைல்ட்நெட்’ என்ற பெயரில் அறிவித்தனர். 2008இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, கிராமப்புற வலையமைப்புகள் பழுதுபட முக்கியக் காரணம் சீரற்ற மின்சாரமே என்று காட்டியது. ரௌட்டர் நல்லதாயிருந்தும், மின்னழுத்தம் ஏறி இறங்கினால் மருத்துவரின் முகம் திரையில் தோன்றாது.

பெரம்பலூர், அரியலூருக்குப் பொருத்திப் பார்த்தால்

பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலை உள்ளது. அரியலூர் மாவட்டம் பெரும்பாலும் சமவெளி. எனவே இவ்விரு படிப்பினைகளும் இப்பகுதிக்கு உதவும். சமவெளியில் ஒரு கோபுரத்திலிருந்து திசை ஆன்டெனா மூலம் ஊர்களை இணைப்பது எளிது. அங்கு நிலையான வழியே போதும். நேர்பார்வை கிட்டாத மலை ஊர்களில் கண்ணி முறையும் பேட்மேன் போன்ற நெறிமுறையும் பொருந்தும். எதுவாயினும் மின்னழுத்தச் சீராக்கி, மின்கலம், பழுது நீக்கத் தெரிந்த உள்ளூர் இளைஞர் ஆகிய மூன்றும் முதல் நாளிலேயே திட்டத்தில் இடம்பெற வேண்டும்.