தேனும் தீப்புண்ணும்

புண்ணுக்குத் தேனிடும் வழக்கத்தைப் பண்டை எகிப்தியரும் நம் சுசுருதரும் அறிந்திருந்தனர். அதனைப் 'பாட்டி வைத்தியம்' என நகைத்தோர் பலர். ஆயின், புனேயில் ரயிலேறினால் சில மணி நேரத்தில் எட்டும் சோலாப்பூரில், வைசம்பாயன் நினைவு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் எம். சுப்ரமண்யம் அதனைச் சோதித்து, 1991-இல் முடிவை வெளியிட்டார். தீப்புண்ணுற்ற 104 பேரில் 52 பேருக்குத் தேன். ஏனையோருக்கு வெள்ளி கலந்த சல்பா களிம்பு. 7 நாட்களுக்குள் தேனிட்ட புண்களில் நூற்றுக்கு 91 கிருமி நீங்கின. களிம்பிட்டவற்றில் 7 மட்டுமே.

தேனின் செறிந்த சர்க்கரை நீரை உறிஞ்சும். அதன் புளிப்பும், அதில் பிறக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமிகளை அழிக்கும்.

எனினும் தாய்மார்களே, அடுப்படித் தேன் ஜாடியை நாடற்க! சுத்திகரித்த தேனை இடுவது மருத்துவர் பணி. தீப்பட்ட இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் விடுக. உடனே ஆஸ்பத்திரிக்கு விரைக. முன்னோர் சொல்லைப் போற்றுவோம். சோதித்த பின்னரே கைக்கொள்வோம்.